ஜலதரங்கமும் கண்ணாடி இசையும்: பெயர், பொருள், மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

நீர் நிரப்பிய பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக அடுக்கி, மெல்லிய மூங்கிற் குச்சிகளால் அவற்றின் விளிம்பைத் தட்டி இசைக்கும் கருவி ஜலதரங்கம் எனப்படும். கருநாடக இசையரங்குகளில் இன்று அருகியே கேட்கப்படும் இக்கருவியின் தொன்மையைப் பற்றிப் பேசுவோர் பலர், வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் அறுபத்துநான்கு கலைகளுள் ஒன்றாக இது கூறப்பட்டுள்ளது என்று தொடங்குவர். இக்கூற்று இசைவிழா மலர்களிலும் கலைக்களஞ்சியக் குறிப்புகளிலும் இடம்பெற்று, ஐயத்திற்கு இடமற்ற செய்தி போல நிலைபெற்றுவிட்டது.

இக்கூற்றுக்கு அடிப்படையாக அமைவது மூலநூலில் வரும் ஒரு சொல்லன்று, அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் தரப்பட்ட மொழிபெயர்ப்பே என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது. அதனோடு, ஐரோப்பியக் கண்ணாடி இசைக்கருவிகளுக்கும் ஜலதரங்கத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு பெயர்களால் எவ்வாறு மறைக்கப்பட்டது என்பதும், தமிழிலும் தெலுங்கிலும் இக்கருவி பெற்ற பெயர்களின் அமைப்பும் ஆராயப்படுகின்றன.

2. உதகவாத்யம்: ஒரு சொல்லின் இரு பொருள்

காமசூத்திரத்தின் கலைப்பட்டியலில் காணப்படும் சொல் ‘உதகவாத்யம்’ என்பதாகும். உதகம் என்பது நீர். வாத்யம் என்பது வாசிக்கப்படுவது அல்லது இயம்பப்படுவது. நீரை வாசித்தல், நீரில் வாசித்தல், நீரால் வாசித்தல் என மூவகையாகவும் இத்தொகை விரியும். கிண்ணம் என்ற பொருளைத் தரும் உறுப்பு எதுவும் இதில் இல்லை என்பது கருதத்தக்கது.

இந்நூலுக்கு ஜயமங்களா என்னும் உரை வகுத்த யசோதரர், நீரை முழவு முதலியன போலக் கொட்டி ஓசை எழுப்புதல் என்றே இதற்குப் பொருள் கொள்கிறார். அதாவது குளத்திலோ ஆற்றிலோ இறங்கி நின்று, நீர்ப்பரப்பையே தோற்கருவியின் முகமாகக் கருதிக் கைகளால் அறைதல். இவ்வுரைக்கு நூலிலேயே துணை உண்டு. உதகவாத்யத்தை அடுத்து வரும் கலை ‘உதகாகாதம்’. நீரைக் கையால் அடித்து வீசுதல் என்பது அதன் பொருள். இரண்டும் புனல் விளையாட்டைச் சார்ந்த கலைகளாக அடுத்தடுத்து நிற்கின்றன. வையைப் புதுப்புனல் விளையாட்டைப் பரிபாடல் வழியாக அறிந்த தமிழ் வாசகருக்கு, நீராட்டு ஒரு தேர்ந்த கலையாகப் பட்டியலில் இடம்பெறுவது வியப்பைத் தராது. நீரைக் கொட்டி இசைக்கும் வழக்கம் கற்பனையுமன்று. பசிபிக் பெருங்கடலிலுள்ள வனுவாட்டுத் தீவுகளின் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று தாளக்கட்டுடன் நீரை முழக்கும் மரபை இன்றும் பேணி வருகின்றனர்.

1883இல் காமசாஸ்திரக் கழகத்தின் பெயரால் வெளியிடப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் இவ்விரு சொற்களும் முற்றிலும் வேறு வடிவம் பெற்றன. ரிச்சர்டு பர்ட்டனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இம்மொழிபெயர்ப்பு, உண்மையில் பகவான்லால் இந்திராஜி, சிவராம் பரசுராம் பிடே, பாஸ்டர் பிட்ஸ்ஜெரால்டு ஆர்பத்நாட் ஆகியோரின் கூட்டு உழைப்பால் உருவானது. அதில் உதகவாத்யம் நீர் நிரப்பிய ‘மியூசிக்கல் கிளாஸஸ்’ வாசித்தல் என்றாயிற்று. உதகாகாதமோ கால்வாய்களிலும் தொட்டிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் நீரைச் சேர்த்து வைத்தல் என்றாயிற்று. விளையாட்டு ஒன்று இசைக்கருவியாகவும் மற்றொன்று நீர்ப்பாசனமாகவும் மாறின. இரண்டாவது பிழை எவரையும் கவரவில்லை. பழங்கால நகரமாந்தர் நீர்த்தேக்கம் கட்டக் கற்றனர் என்று எவரும் வரலாறு எழுதவில்லை. முதற்பிழை மட்டும் ஒரு கருவியின் பிறப்புச் சான்றாக ஏற்கப்பட்டது.

மொழிபெயர்ப்பாளரை இதற்காக எளிதில் குறை கூறிவிட இயலாது. 19ஆம் நூற்றாண்டில் வடஇந்திய இசையரங்குகளில் ஜலதரங்கம் வழக்கில் இருந்தது. மூலச்சொல்லை விளக்கிய இந்தியப் புலவர்கள் தம் கண்முன் இருந்த கருவியை அச்சொல்லில் கண்டிருக்கலாம். அதே வேளையில் ஆங்கிலத்தில் ‘மியூசிக்கல் கிளாஸஸ்’ என்பது அனைவரும் அறிந்த ஆயத்தச் சொல்லாக இருந்தது. நீர், வாத்யம் என்னும் இரண்டும் சேர்ந்தவுடன் இலக்குமொழியின் ஆயத்தச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. 1899இல் வெளிவந்த மோனியர் வில்லியம்ஸின் வடமொழி அகராதியும் உதகவாத்யத்திற்கு நீர்க் கிண்ணங்களைத் தட்டி எழுப்பும் இசை என்றே பொருள் தந்தது. அகராதியில் ஏறிய பொருளுக்கு மூலநூலின் தகுதி வந்துவிடுகிறது. பின்னர் வருவோர் உரையாசிரியரைத் தேடிச் செல்வதில்லை.

ஜலதரங்கம் என்ற பெயரோடு கருவியைக் கூறும் இசைநூற் சான்றுகள் மிகப் பிற்பட்டவை. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகோபலரின் சங்கீத பாரிஜாதம் இதைக் கனவாத்தியங்களுள் வைத்துக் கூறுவதாக இசை வரலாற்றாசிரியர் குறிப்பர். ஜெய்ப்பூர் அரசர் பிரதாப் சிங்கின் பெயரால் வழங்கும் சங்கீத சார் என்னும் நூல், 22 கிண்ணம் உடையதை முழுமையானதாகவும் 15 கிண்ணம் உடையதை இடைப்பட்டதாகவும் கொள்கிறது என்பர். எனவே, பெயரின் சான்றைக் கொண்டு நோக்கினால், ஈராயிரம் ஆண்டுத் தொன்மை என்பது ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகக் குறுகுகிறது. இதனால் கருவியின் மதிப்புக் குறைவதில்லை. வீணையின் இன்றைய வடிவமும் 17ஆம் நூற்றாண்டுத் தஞ்சையில் அமைந்ததே.

3. ஐரோப்பியக் கண்ணாடி இசை

‘மியூசிக்கல் கிளாஸஸ்’ என்ற தொடர் ஆங்கில வாசகர் மனத்தில் எதை எழுப்பியது என்பதை அறிய 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும். அயர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு பாக்ரிச் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோப்பைகளை வாசித்துப் புகழ்பெற்றார். ஓபரா இசையமைப்பாளர் குளுக் 1746இல் லண்டனில் 26 கோப்பைகளைக் கொண்டு நிகழ்ச்சி நடத்தினார். 1766இல் வெளியான ஆலிவர் கோல்டுஸ்மித்தின் ‘விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்’ நாவலில், நாகரிக மாந்தர் தம் உரையாடலில் நாடி எடுக்கும் பேச்சுப்பொருள்களுள் ஒன்றாக இக்கோப்பை இசை குறிக்கப்படும் அளவுக்கு அது பரவியிருந்தது.

ஈரவிரலால் கோப்பையின் விளிம்பைத் தேய்த்து வாசிக்கும் முறையைக் கேட்ட பெஞ்சமின் பிராங்க்ளின், 1761இல் அதைப் புதிய கருவியாக மாற்றினார். 37 கண்ணாடிக் கிண்ணங்களை ஒன்றனுள் ஒன்று பொருந்துமாறு ஓர் இரும்பு அச்சில் கோத்து, கால்மிதியால் அச்சைச் சுழற்றி, ஈரவிரலைச் சுழலும் விளிம்பில் வைத்து ஒலியெழுப்பும் அமைப்பு அது. ஒவ்வொரு கிண்ணமும் தனக்குரிய சுரத்திற்கு ஏற்ற அளவில் வார்க்கப்பட்டதால் நீர் நிரப்ப வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. 1762இல் தூரின் நகர அறிவியலறிஞர் பெக்காரியாவுக்கு எழுதிய மடலில், இத்தாலிய மொழியைச் சிறப்பிக்கும் பொருட்டு இதற்கு ‘ஆர்மோனிக்கா’ என்று பெயரிட்டதாகப் பிராங்க்ளின் குறிப்பிடுகிறார்.

பார்வையற்ற கலைஞர் மரியானே கிர்ஷ்கெஸ்னருக்காக மொட்ஸார்ட் 1791இல் இயற்றிய, கே. 617 என எண்ணிடப்பட்ட அடாஜியோவும் ரோண்டோவும் இக்கருவிக்கு அமைந்த இசையுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுகின்றன. கண்ணாடிக் கருவியோடு புல்லாங்குழல், ஓபோ, வயோலா, செல்லோ ஆகியன அதில் இணைகின்றன. டோனிசெட்டி தம் ‘லூசியா தி லம்மர்மூர்’ ஓபராவில் (1835) சித்தம் கலங்கிய நாயகியின் பாடலுக்கு முதலில் இக்கருவியையே எண்ணியிருந்தார். பின்னர் அவ்விடத்தைப் புல்லாங்குழல் பெற்றது. வாசிப்போரின் நரம்பைத் தளர்த்தும், கேட்போரின் மனத்தைக் கலைக்கும் என்ற அச்சம் இக்கருவியைச் சூழ்ந்திருந்தது. அரங்குகள் பெரிதானதும் பிற கருவிகளின் ஒலி வலுத்ததும் அதன் மெல்லொலியைப் பின்தள்ளின. 20ஆம் நூற்றாண்டில் புருனோ ஹாப்மன் நிலையான கோப்பைகளைத் தேய்த்து வாசிக்கும் ‘கண்ணாடி யாழ்’ வழியாக இவ்விசையை மீண்டும் அரங்கேற்றினார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. ஐரோப்பியக் கருவி பொருளால் கண்ணாடி, செயலால் தேய்ப்பு. ஜலதரங்கமோ பொருளால் பெரும்பாலும் பீங்கான், செயலால் தட்டு. மோனியர் வில்லியம்ஸ் அகராதி ஜலதரங்கத்தை நீர் நிரப்பிய உலோகக் கிண்ணம் என்று விளக்குவது கிண்ணத்தின் பொருள் காலந்தோறும் மாறியிருப்பதைக் காட்டுகிறது. குச்சியின் தட்டைத் தாங்கும் திண்மையும் தெளிந்த நாதமும் ஒருங்கே அமைந்தமையால் பீங்கான் இன்றைய வழக்கில் நிலைபெற்றது. ஆகவே ஜலதரங்கத்தை ‘மியூசிக்கல் கிளாஸஸ்’ என்பது பொருளிலும் செயலிலும் பொருந்தாது.

4. கேட்பின் வேறுபாடு

தேய்ப்புக்கும் தட்டுக்கும் உள்ள வேறுபாடு வகைப்பாட்டு நுணுக்கம் மட்டுமன்று. செவியால் உடனே உணரப்படுவது. தேய்க்கப்படும் கண்ணாடி, விரல் விளிம்பில் இருக்கும்வரை ஒலிக்கும். சுரம் தொடங்கும் கணம் தெளிவாகத் தெரியாமல் மெல்லப் பிறந்து வளரும். தட்டப்படும் பீங்கானில் தொடக்கம் கூர்மையானது. ஒலி உடனே தேயத் தொடங்கும். முன்னது நெடிலை இயல்பாகப் பெற்றது. பின்னது குறில்களால் நெடிலை உண்டாக்க வேண்டியது.

இக்குறைபாடு கருநாடக இசையில் பெரும் சிக்கலாகிறது. தோடியின் காந்தாரமோ சகானாவின் ரிடபமோ ஓரிடத்தில் நிற்கும் சுரங்கள் அல்ல. அசைவே அவற்றின் வடிவம். கிண்ணங்களோ ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் நிறுத்தப்பட்டவை. எனவே கதனகுதூகலம், அம்சத்வனி போன்று நேர்ச்சுரங்கள் மிக்க இராகங்கள் இக்கருவிக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. கமகம் மிக்க இராகங்களை வாசிக்கும்போது கலைஞர் நீரைத் துணைக்கொள்கிறார். கிண்ணத்தைத் தட்டிய கணமே குச்சி நுனியால் நீர்ப்பரப்பை மெல்லத் தொட்டால் ஒலி சற்றே வளைந்து அசையும். அடுத்தடுத்த கிண்ணங்களை மிக விரைந்து மாறி மாறித் தட்டியும் அசைவின் தோற்றம் உண்டாக்கப்படுகிறது.

நீரின் பங்கு சுருதி சேர்ப்பதோடு முடிவதில்லை என்பது இதனால் விளங்கும். கிண்ணத்தில் நீர் கூடக் கூட, அதன் சுவர் தன்னோடு அசைக்க வேண்டிய பாரம் மிகுந்து சுருதி தாழ்கிறது. புட்டியின் வாயில் ஊதும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறு. அங்கு ஒலிப்பது காற்று ஆதலின், நீர் கூடினால் காற்றின் இடம் குறைந்து சுருதி ஏறும். இரண்டையும் ஒன்றெனக் கருதிச் செய்யப்படும் மொழிபெயர்ப்புகளில் ‘நீர் கூடச் சுருதி கூடும்’ என்ற பிழை நேர்வதுண்டு. இராகம் மாறும்போதெல்லாம் கலைஞர் நீரைச் சேர்த்தும் நீக்கியும் சுரங்களை மீண்டும் அமைக்க வேண்டும். நீர் ஆவியாதலும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். பிராங்க்ளின் நீரை விலக்கியதால் ஐரோப்பியக் கருவி நிலைத்த சுருதியைப் பெற்றது. இந்தியக் கருவி நீரை விலக்காததால் அசையும் சுரத்தைப் பெற்றது.

தமிழகத்தில் இக்கருவியைப் பயின்றோர் என்றும் மிகுந்திருந்ததில்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் 1926இல் பிறந்த சீதா துரைசாமி, ரமணய்ய செட்டியாரிடம் இதைக் கற்று, குடும்பப் பொறுப்புகளுக்கிடையில் நெடுங்காலம் பேணி, முதுமையிலும் அரங்குகளில் வாசித்தார். 2001இல் கலைமாமணி விருது பெற்ற அவர் 2013இல் மறைந்தார். ஆனையாம்பட்டி எஸ். கணேசன் வாய்ப்பாட்டின் நெளிவுகளைக் கிண்ணங்களில் கொணர்ந்தவராக அறியப்படுபவர். வாசிப்போர் அருகிய நிலையில், கருவியைப் பற்றிய அறிவு கேள்வி வழியே பரவுவதைவிட எழுத்து வழியே பரவுவது மிகுதியாகிறது. அதனால்தான் எழுத்தில் புகும் பிழை இங்குக் கூடுதல் கேடு விளைவிக்கிறது.

5. தரங்கமும் தரங்கிணியும்: எல்லைப்பகுதிப் பெயர்கள்

ஜலதரங்கம் என்பதன் நேர்ப்பொருள் நீரலை. அலையைக் குறிக்கும் தொடர் அலையைக் குறிக்காமல் அதை உடைய கருவியைக் குறிப்பதால், தமிழ் இலக்கண முறையில் இதனை அன்மொழித்தொகை எனலாம். தெலுங்கில் ஜலதரங்கம் என்ற வடிவத்தோடு ‘ஜலதரங்கிணி’ என்ற வடிவமும் பெருவழக்காக உள்ளது. தரங்கிணி என்பது அலைகளை உடையது, அதாவது ஆறு. தமிழ்ப்பெயரில் தொக்கு நின்ற உடைமைப் பொருள் தெலுங்குப் பெயரில் விகுதியால் வெளிப்படுகிறது.

இவ்விரு வழக்குகளும் சந்திக்கும் இடங்களுள் ஒன்று சூளூர்பேட்டை. காளங்கி ஆற்றங்கரையில், பழவேற்காடு ஏரிக்கும் சென்னை–கூடூர் இருப்புப்பாதைக்கும் அணித்தாக அமைந்த இவ்வூர், சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அமைகிறது. சென்னைப் புறநகர் ரயில்கள் இன்றும் இவ்வூர்வரை செல்கின்றன. தமிழும் தெலுங்கும் அன்றாடம் கலந்து பழகும் இத்தகைய எல்லைப்பகுதியில் கருவியின் உறுப்புப் பெயர்களை ஒப்பிடுவது பயன்தரும். கிண்ணத்தின் பொருளைக் குறிக்கும் தமிழ்ச்சொல் பீங்கான்; தெலுங்குச் சொல் பிங்காணி. இரண்டும் கிண்ணம் என்று பொருள்படும் ‘பிங்கான்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழிவந்தவை. மூலமொழியில் கலத்தின் பெயர், நம் மொழிகளில் கலம் செய்யப்பட்ட மண்பொருளின் பெயராயிற்று. ஆதலால் ‘பீங்கான் கிண்ணம்’ என்பது சொல்வரலாற்று நோக்கில் ‘கிண்ணக் கிண்ணம்’ ஆகிறது.

கண்ணாடியில் இரு மொழிகளும் பிரிகின்றன. தெலுங்கு, பொருளைக் ‘காஜு’ என்றும் முகம் பார்ப்பதை ‘அத்தம்’ என்றும் வேறுபடுத்துகிறது. தமிழில் கண்ணாடி என்ற ஒரே சொல் பொருளையும், முகம் பார்ப்பதையும், மூக்கில் அணிவதையும் குறிக்கிறது. ‘கண்ணாடி இசை’ என்று தமிழில் எழுதினால் இம்மூன்று நிழல்களும் உடன்வரும். தெலுங்கில் ‘காஜு’ என்றால் வளையலின் நிழல் மட்டுமே வரும்.

தரங்கம் என்ற சொல்லுக்கு இப்பகுதியின் இசையுலகில் மற்றொரு பொருளும் உண்டு. நாராயண தீர்த்தரின் கிருஷ்ண லீலா தரங்கிணியில் உள்ள பாடல்கள் தரங்கங்கள் எனப்படுகின்றன. பஜனை மரபிலும் கூச்சிப்பூடி ஆட்டத்திலும் இவை சிறப்பிடம் பெற்றவை. எனவே ‘தரங்கம் வாசித்தார்’ என்ற தொடர் கருவியையும் பாடலையும் ஒருங்கே குறிக்கக்கூடும். இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

இன்னொரு வளர்ச்சி மொழியியலார் கருதத்தக்கது. சுருதி சேர்த்த பல தபலாக்களை வரிசையாக வைத்து வாசிப்பது தபலா தரங்; மரக்கட்டைகளைத் தட்டுவது காஷ்ட தரங்; உலோகக் குழல்களைத் தட்டுவது நள தரங். மைஹரில் உஸ்தாத் அலாவுதீன் கான் உருவாக்கிய இசைக்குழுவில் துப்பாக்கிக் குழல்களால் நள தரங் அமைக்கப்பட்டது. இவற்றில் நீரும் இல்லை, அலையும் இல்லை. ஜலதரங்கம் என்ற தொகையிலிருந்து பின்னுறுப்பு பிரிந்து, ‘சுருதி வரிசையில் அமைந்த தட்டுக்கருவித் தொகுதி’ என்ற புதுப்பொருளைப் பெற்றுள்ளது. உருவகம் மறைந்து வகைப்பெயராகும் இந்நிகழ்வுக்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு இசைச் சொற்களில் அரிது.

6. தமிழாக்கச் சிக்கல்கள்

மேற்கூறியவற்றைத் தமிழில் எழுதும்போது மூன்று இடர்கள் எழுகின்றன. முதலாவது, கருவிவகையின் பெயர். வடமொழியின் ‘கன’ என்பது திண்மையைக் குறிப்பது; அதற்கு ஈடாக வழங்கும் கஞ்சக்கருவி என்பது வெண்கலத்தைக் குறிப்பது. பீங்கானையும் கண்ணாடியையும் கஞ்சக்கருவி என்பது சொற்பொருளோடு முரணும். கனக்கருவி என்ற வழக்கே இங்கு ஏற்புடையது.

இரண்டாவது, பிராங்க்ளினின் கருவிப்பெயர். ‘ஆர்மோனிக்கா’ என்றவுடன் தமிழ் வாசகர் வாயால் ஊதும் சிறுகருவியை எண்ணுவர். ஆர்மோனியத்தை எண்ணுவோரும் உண்டு. மொட்ஸார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசையை ‘ஆர்மோனிக்காவுக்கான அடாஜியோ’ என்று மட்டும் தமிழாக்கினால், கேட்கப்படாத ஓர் ஒலி வாசகர் மனத்தில் பதியும். ‘கண்ணாடி’ என்ற அடையை விடாது சேர்ப்பது இன்றியமையாதது.

மூன்றாவது, வினைச்சொல். நரம்புக்கு மீட்டுதல், குழலுக்கு ஊதுதல், தோலுக்கு முழக்குதல் எனத் தமிழ் நுட்பமாகப் பிரித்துரைக்கும். ஜலதரங்கத்திற்கு வாசித்தல் என்ற பொதுவினையே வழங்குகிறது. தேய்த்து ஒலிக்கும் கருவி நம் அரங்கில் இல்லாமையால் அதற்குரிய வினையும் அமையவில்லை. இரு வகையையும் ஒரே கட்டுரையில் கூற நேரும்போது ‘தட்டொலிக் கிண்ணம்’, ‘தேய்ப்பொலிக் கிண்ணம்’ என வேறுபடுத்தலாம். உதகவாத்யத்தை ‘நீர்முழக்கு’ எனத் தமிழாக்கினால் யசோதரரின் உரைக்கு அது இயையும். ஜலதரங்கத்தோடு மயங்குவதற்கும் இடமிராது.

7. முடிவுரை

உதகவாத்யம் நீரைக் கொட்டுதல். ஜலதரங்கம் நீர்க்கிண்ணத்தைத் தட்டுதல். ஆர்மோனிக்கா கண்ணாடியைத் தேய்த்தல். பொருளாலும் செயலாலும் வேறான மூன்றையும் ‘மியூசிக்கல் கிளாஸஸ்’ என்ற ஒரு தொடர் இணைத்தது. அவ்விணைப்பு அகராதியில் ஏறி, அங்கிருந்து இந்திய மொழிகளுக்குத் திரும்பி, நம் கருவிக்கு ஒரு பழமையை அளித்தது. அறுபத்துநான்கு கலைகளின் பட்டியல் தமிழில் மீண்டும் மீண்டும் பெயர்க்கப்பட்டு வருகிறது. அப்பணியில் ஈடுபடுவோர் ஆங்கில வடிவத்தை விடுத்து ஜயமங்களா உரையை நோக்குதல் வேண்டும். அகராதி தொகுப்போர் ஜலதரங்கத்தின் விளக்கத்தில் கிண்ணத்தின் பொருள், ஒலியெழுப்பும் செயல், நீரின் பங்கு ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தல் நலம். கருவியைக் கேட்கும் வாய்ப்பு அரிதாகிவரும் இக்காலத்தில், அடுத்த தலைமுறை அதை முதலில் சந்திப்பது அகராதியின் அந்த ஓரிரு வரிகளிலேயே ஆகும்.